மடங்காத காலும் புதுச் செயினும்

மருமகளை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். நூல் அறுகிறது, தையல் தப்புகிறது என்று எந்த வரிசையிலிருந்து சத்தம் வந்தாலும் "ஊசியக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். ஆளும் ஒல்லி, பார்வையும் கூர்மை. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாமியாருக்கும் ஒரு பெயர் உண்டு. தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் தலை நரைக்கும்வரை இருந்தவர். டிரங்கால் என்று சொல்லும் வெளியூர் லைனில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி எடுத்து நீட்டுவாள். அதனால் டிரங்கால் அம்மா.

மகன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான் குடித்தனம். அவன் ஊசியைக் கட்டிக்கொண்டு வந்தபோது டிரங்கால் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "புருஷன் கரண்டி பிடிக்கிறான், பொண்டாட்டி ஸ்பேனர் பிடிக்கிறா. நல்ல குடும்பம்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்று சாயங்காலம் ஊசி, பல வருஷமாக முனகிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றி, சுத்தம் செய்து, சத்தமில்லாமல் ஓட வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். மறுநாள் மிக்ஸியைப் போட்ட மாமியார், கரண்டே வரவில்லையோ என்று நினைத்தார்.

இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டிரங்கால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். கட்டுப் பிரித்த டாக்டர், "கால் எடை தாங்கும்மா. ஆனா இனிமே மடங்காது" என்று சொல்லிவிட்டார்.

மடங்காத கால் என்ன பாடு படுத்தும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ஏறினால் வழியை மறித்துக்கொண்டு நீட்டி நிற்கும். காரில் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது. பார்க்கிறவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாசல் தாண்டுவதை நிறுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குரலும் தேய்ந்தது. ஒரு நாள் உப்பு கேட்டபோது, பக்கத்தில் நின்ற ஊசிக்கே காதில் விழவில்லை. ஊசி பயந்தது அன்றைக்குத்தான்.

அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் ஒருவரின் கொட்டகையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தூசி மண்டிக் கிடந்தது. அவருடைய அப்பா காலத்து வண்டி. இந்தக் காலத்து வண்டிகளைப் போல இல்லாமல், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இடது பக்கம் ரொட்டி ஏற்றுவதற்கென்று ஒரு பெட்டியும் சக்கரமும் ஒட்டியிருந்தன. ஊசி அதை வாங்கி வீட்டு ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். ரொட்டிப் பெட்டியைக் கழற்றிப்போட்டு, அந்தச் சட்டத்தின்மேல் நீளமாக ஒரு தொட்டி செய்தாள். அதில் சாய்வு இருக்கை. முன்பக்கம் ஒரு காலை முழுசாக நீட்டிக்கொள்ள இடம்.

"என்னடி இது, பொணப் பெட்டி மாதிரி இருக்கு?"

"உக்காந்து பாருங்க அத்தை. பொணத்துக்கு யாராவது மெத்தை தைப்பாங்களா?"

டிரங்கால் அம்மா உட்கார்ந்தார். காலை நீட்டினார். எங்கும் இடிக்கவில்லை. மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சரி, கிளப்பு" என்றார். அந்தக் குரல் தெருமுனைவரை கேட்டது.

அதற்குப் பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. தண்ணீரில் பயிற்சி செய்தால் இடுப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஊசி அவரை நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்துவிட்டாள். முதல் நாள் பக்கச் சுவரைவிட்டுக் கையை எடுக்காத மனுஷி, போகப்போக மிதந்தார், கையை வீசினார், முக்கால் குளம்வரை போனார். தண்ணீரில் மட்டும் அந்தக் கால் மற்றக் காலைப் போலத்தான் இருந்தது. குளத்தை ஒரு தடவையாவது நடுவில் நிற்காமல் கடந்துவிட வேண்டும் என்பது அவருக்கு வெறியாகவே ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் செயின் காலை வாரியது.

குளத்திலிருந்து திரும்பும் வழியில் பாலத்து ஏற்றம். பின்னால் பஸ். ஊசி கைப்பிடியை முறுக்கினாள். படார் என்று ஒரு சத்தம். இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. மறுபடியும் படார். பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

"என்னடி உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையல அத்தை. செயின் பல்லுத் தாண்டுது. கெட்டியாப் புடிச்சுக்கங்க."

முறுக்கைத் தளர்த்தி, கியரைக் குறைத்து, பாலத்தின் ஓரமாக நத்தை போல ஏற்றினாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக ஷெட்டுக்குத்தான் வண்டியை விட்டாள்.

ஷெட்டில் ஊசி பின்சக்கரத்துப் பக்கம் குந்தி, செயினை விரலால் வெளியே இழுத்துக் காட்டினாள். பல்சக்கரத்தின் பல்லைவிட்டு நன்றாக எழும்பி வந்தது.

"புதுசா இருந்தா இப்படி அசையாது அத்தை. ஒவ்வொரு கண்ணியும் துளித்துளியா தேஞ்சு, மொத்தத்துல நீண்டு போச்சு. பல்லப் பாருங்க, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு."

"போன மாசம்தானே இறுக்கின?"

"இறுக்கினேன். தேஞ்சதை எத்தனை தடவ இறுக்கறது? ரெண்டு பல்சக்கரத்தையும் சேர்த்து மாத்தணும். புதுச் செயின பழைய பல்லுல போட்டா அதையும் தின்னுடும்."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இங்க ஓட்டமே போச்சா?"

செயின் கடையில் கிடைத்தது. பின் பல்சக்கரம் பழைய இரும்புக்காரரிடம், பெயின்ட் கூடப் போகாமல், கிடைத்தது. முன்னால் இஞ்சினோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரத்தைத் தொழிற்சாலைக் கடைசல்காரர் பழையதை அளந்து புதிதாகவே செய்து கொடுத்தார்.

விடுமுறை நாள் காலையில் வேலை தொடங்கியது. டிரங்கால் அம்மா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்ப்பதாகத்தான் பேர். ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு கேள்வி கேட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஊசி எடுத்த எடுப்பில் செயினைக் கழற்றிவிட்டாள். பிறகு முன் பல்சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால், நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றுகிறது. பிடித்து நிறுத்தத்தான் செயினே இல்லையே! தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "கழட்டினதைத் திரும்ப மாட்டணும் அத்தை. கியர்ல போட்டு, பிரேக்கையும் மிதிச்சுப் புடிச்சாதான் இது அசையாம நிக்கும்."

பழைய செயினை மறுபடி மாட்டினாள். பிரேக்கைக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். ஸ்பேனரில் நீளமாக ஒரு குழாயைச் செருகி, தன் எடை மொத்தத்தையும் போட்டுத் தொங்கினாள். கயிறு நழுவியது, சக்கரம் நழுவியது, ஊசி தரையில் உட்கார்ந்தாள். இன்னொரு தடவை கட்டினாள். இன்னொரு தடவை உட்கார்ந்தாள்.

"நான் மிதிக்கட்டுமா?" என்றார் டிரங்கால் அம்மா.

ஊசி நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம் அத்தை. இடது காலால மிதிக்கணும்."

"தெரியும். எடை தாங்கும்னு டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாரு?"

"எதாவது ஆயிடுச்சுன்னா உங்க பையன் என்னைக் கடல்ல வீசிடுவாரு."

"அவன் வீசினா நான் நீந்தி வந்து உன்னத் தூக்கறேன். கையக் குடு."

தொட்டிச் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து வண்டியின் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். பக்கச் சக்கரம் இருந்ததால் வண்டி ஆடவில்லை. நீட்டிய காலை மெல்ல இறக்கி, குதிகாலை பிரேக் மேல் வைத்தார். மற்றக் காலாக இருந்தால் முழங்கால் மடங்கி இளகியிருக்கும். இது உலக்கை போல நேராக நின்றது. இருக்கையிலிருந்து எழும்பி உடம்பின் கனத்தை அதில் இறக்கினார். பின்சக்கரம் பாறை மாதிரி இறுகியது.

"இப்ப திருகுடி!"

ஊசி குழாயில் தொங்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. டக் என்று எலும்பு முறிவது போல ஒரு சத்தம்.

டிரங்கால் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "என் காலா, உன் நட்டா?"

"நட்டு அத்தை! நட்டு! வந்துருச்சு!"

இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. நாற்காலிக்குத் திரும்பிய டிரங்கால் அம்மா, அந்த முழங்காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அதைத் திட்டியிருக்கிறாரே தவிர ஆசையாகத் தொட்டதில்லை.

மிச்ச வேலை ஓட்டமாக நடந்தது. புதுப் பல்சக்கரங்கள் ஏறின. ஊசி பழைய செயினின் நுனியில் புதிதைக் கோத்து, பழையதை இழுக்க இழுக்க, புதியது தானாக முன் பல்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதிகப்படிக் கண்ணிகளின் ஆணியைத் தள்ளிக் கழற்றினாள். இரண்டு நுனியையும் சேர்க்கும் லாக்கைப் போட்டு, அதன் மேல் சின்னக் கிளிப்பை அழுத்தும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மூடின பக்கம் ஓடற திசையப் பாத்து இருக்கணும் அத்தை. திறந்த பக்கம் முன்னாடி இருந்தா எதுலயாவது தட்டிக் கழண்டு போயிடும்."

"எங்க டெலிபோன் போர்டுலயும் அப்படித்தான். பிளக்கச் சரியாச் செருகலன்னா கல்யாண வீட்டுப் பேச்சு கருமாதி வீட்டுக்குப் போயிடும்."

கடைசியில் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். பின் அச்சின் குறிக்கோடு பார்த்து இரண்டு பக்கமும் சமமாகத்தான் இறுக்கியிருந்தாள். செயின் சரசரவென்று ஓடியது. போதும் என்று கையைத் துடைக்கப் போனவளை மாமியார் நிறுத்தினார்.

"இன்னொரு தடவ சுத்து. ஒரு இடத்துல மூச்சு வாங்குது."

ஊசிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் சுற்றினாள். டிரங்கால் அம்மா கையைத் தூக்கிய இடத்தில் நிறுத்தி, செயினை விரலால் அழுத்திப் பார்த்தாள். மற்ற இடங்களில் சரியாக ஆடியது, அந்த ஓரிடத்தில் விறைப்பாக இருந்தது. அந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி துளி தளர்த்திக் கொடுத்தாள். அப்புறம் சுற்றியபோது டிரங்கால் அம்மா தலையாட்டினார்.

சாயங்காலம் கப்பலிலிருந்து மகன் கூப்பிட்டான். பாலத்து விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. "அம்மா, அந்தக் கிழட்டு வண்டிய விட்டுத் தொலைங்க. பயமா இருக்கு."

"டேய், அவ கையில ஓடற வண்டிடா அது. உன் கப்பலவிட நான் இதைத்தான் நம்புவேன்."

ஊசி அடுப்படியில் கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டையை எந்தச் சுவர்தான் தடுக்கும்? அவள் குழாயை மூடாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

அடுத்த தடவை குளத்துக்குப் போகும்போது அதே பாலத்தில் ஊசி தயங்காமல் முறுக்கினாள். வண்டி முனகாமல் ஏறியது. இறங்கும் இடத்தில் ஓரங்கட்டி, குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் மறுபடி கிளம்பினாள்.

அன்றைக்கு டிரங்கால் அம்மா குளத்தைக் கடக்கவில்லை. முக்காலுக்கு மேல் போய், மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துவிட்டார். அதற்கடுத்த வாரம் கடந்தார். எதிர்ச் சுவரைத் தொட்டதும் போட்ட கூச்சலில் காவலாளி விசிலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

கரையில் துண்டோடு நின்ற ஊசியின் கண் கலங்கியிருந்தது. டிரங்கால் அம்மா குளத்துச் சுவரைப் பிடித்தபடியே முகத்தை வழித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தன நாளா என்னக் கூட்டிட்டு வர்ற. நீ ஏண்டி ஒரு நாள்கூட இறங்கல?"

ஊசி துண்டை மடித்தாள், பிரித்தாள். "எனக்குத் தண்ணின்னா பயம் அத்தை. சின்ன வயசுலேர்ந்தே."

பஸ்ஸுக்கு முன்னால் பாலத்தில் நின்றபோது பதறாதவள் இதைச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டாள். டிரங்கால் அம்மாவுக்கு அவள்மேல் அதுவரை இருந்ததெல்லாம் போதாது என்பது போல, இன்னும் கொஞ்சம் மரியாதை கூடியது. பயந்துகொண்டேதான் இவள் வாரா வாரம் இந்தக் கரையில் நின்றிருக்கிறாள்.

"வா," என்றார் தன் முழுத் தொண்டையில். "ஆழமில்லாத பக்கமா வா. நான் புடிச்சுக்கறேன்."

குளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊசி செருப்பைக் கழற்றினாள்.