ஈப்போவில் கேட்காமல் விட்ட இரண்டாவது இலை

ஈப்போ பட்டணத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு காரியம் சொல்வார்கள். துணி எடுக்க, நகை மாற்ற, ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட, ஊருக்குப் பணம் அனுப்ப. நானும் என் மனைவி செல்லம்மாவும் சென்ற மாசி மாதம் போனது சோறு சாப்பிட. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கோப்பெங் பஸ்காரரும் சிரித்தார்.

காரணம் இதுதான். தையில் செல்லம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். நான்காம் நாள் காய்ச்சலோடு எழுந்து அடுப்பை மூட்டினாள். "படு புள்ள, நான் கஞ்சி வச்சுக்கறேன்" என்றேன். போன தடவை நான் வைத்த கஞ்சியை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது எங்கள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்த கதை. அவள் ஊதுகுழலை எடுத்துக்கொண்டே, "ஒரு நாளாச்சும் நான் ஆக்காத சோத்த ஒக்காந்து திங்கணும்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை; அடுப்பிடம் சொன்னாள். கல்யாண வீடுகளில் கூட அவள் பரிமாறுகிறவள், பானையின் அடியைச் சுரண்டிச் சாப்பிடுகிறவள். நாலு பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

நான் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ரப்பர் பால் அளப்பவன். படிப்பு நாலாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் ஐந்து என்று சொல்லிக்கொள்வேன். ரப்பர் விலை படுத்து, பால்வெட்டைக் குறைத்துவிட்டார்கள் அல்லவா, அதனால் எங்கள் பக்கம் இரண்டு நாள் வேலை இல்லை. கையில் காசு குறைவு, பொழுது நிறைய. ஈப்போவுக்கே போய்ச் சாப்பிட்டுவிடுவோம் என்று கிளம்பினோம். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

விடியற்காலை ஆறு மணிக்கு நடந்தால் கோப்பெங் மூன்று மைல். பஸ் எட்டுக்கு என்பார்கள். ஆள் நிறைந்தால்தான் எட்டு. ஈப்போவுக்குப் பன்னிரண்டு மைல், தலைக்கு இருபத்தைந்து காசு. முன் பலகை வேண்டாம், புழுதி முழுக்க வாய்க்குள்தான். பஸ் ஓட்டியவர் நம்மவர்.

"ஈப்போவுல என்ன வேலண்ணே?"

"சாப்பிடப் போறோம்."

"சாப்பிடவா? கோப்பெங்குல சோறு தீர்ந்துபோச்சா லா?"

பஸ்ஸே சிரித்தது. செல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவளும் சிரித்தாள். அன்று அவள் சிரித்ததை நான் நன்றாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிளம்பும் முன்பே எனக்கு ஒரு யோசனை இருந்தது. பட்டணத்துச் சாப்பாடு என்றால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் கொடுத்த காசுக்குச் சாப்பிட முடியும். ஆகவே காலையில் ஒரு வாய் நீராகாரம் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ரகசியமாக ஒரு கோப்பை வரக்காப்பி கிடைத்தது. ஸ்டோர்க்காரனுக்குச் சிநேகிதர்கள் உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை.

ஒன்பது மணிக்கு இறங்கினோம். புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஈப்போவை முதலில் மூக்கால்தான் பார்க்க வேண்டும். ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் சீனர் கடைகளில் பூண்டும் கொழுப்பும் பொரிகிற வாசனை. அடுத்த சந்தில் துலுக்கர் கடையில் ரொட்டி தட்டுகிறார்கள். மலாய்க்காரம்மா ஒருத்தி இலையில் பொதிந்த சோற்றைக் கூடையில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பால்கார சீக்கியர் ஒருவர் குவளையை உயரத் தூக்கி ஆற்றினார். செல்லம்மா ஒவ்வொரு கடையிலும் நின்று, உள்ளே என்ன வேகிறது என்று பார்த்தாள். நான் ஒவ்வொன்றையும் பற்றித் தெரிந்தவன் போல விளக்கம் சொன்னேன். பாதி பொய்.

"இங்க சாப்பிடலாமா?" என்று இரண்டு இடத்தில் கேட்டாள்.

"பொறு புள்ள. நம்ம கடையில உச்சிக்குப் பெரிய சாப்பாடு இருக்கு" என்றேன். மூன்று மணி நேரம் அப்படியே சுற்றினோம். ரயில் ஸ்டேஷனைப் பார்த்தோம். அரண்மனை மாதிரி இருக்கிறது. உள்ளே போக எனக்குத் துணிச்சல் வரவில்லை, வெளியே நின்று தூண்களை எண்ணினேன்.

பன்னிரண்டு மணிக்கு நம்மவர் சாப்பாட்டுக் கடை. சாப்பாடு இருபது காசு, சோறு கேட்கக் கேட்க. நீளப் பலகையில் முப்பது பேர் உட்காரலாம். வாசலில் இன்னும் பத்துப் பேர் நிற்பார்கள். இரண்டு பேருக்கு இடம் கிடைத்து உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் தோளில் துண்டும் கையில் இலைக்கட்டுமாக வந்தார்.

"எத்தன எலைண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா, "ஒண்ணு போடுங்க. மொதல்ல அவங்க சாப்பிடட்டும்" என்றாள்.

"அக்காவுக்கு?"

"நான் அப்புறம்."

எங்கள் இரண்டு பேருக்குமே இதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் சாப்பிட்டு எழுவேன், அதே இலையில் அவள் உட்காருவாள். அவளுக்காக நல்லதாக ஏதாவது மிச்சம் வைத்துவிட்டு எழுவது என் பழக்கம். எங்களுக்குள் கொஞ்சல் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

அன்றும் வைத்தேன். மூன்று தடவை சோறு வாங்கினேன். வெண்பூசணி சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், ரசம். வறுத்த மீன் இரண்டு துண்டு போட்டார்கள். வால் பக்கத்தை நான் தின்று, சதையுள்ள நடுத்துண்டை ஓரமாக ஒதுக்கி, முழு அப்பளத்தை அதன்மேல் சாய்த்துவைத்தேன். அவள் என் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு, இலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏப்பம் விட்டுக்கொண்டு நான் கைகழுவப் போனேன்.

பீப்பாய்த் தண்ணீர் கொல்லைப்புறத்தில். அங்கிருந்து பார்த்தேன். பரிமாறுகிறவர் வாளியோடு வந்தார். செல்லம்மா இலை ஓரத்தில் கையை வைத்து ஏதோ சொன்னாள்.

"எச்சில் எலைக்கா இது! மீனு அப்படியே கெடக்கேன்னு பாக்குறீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சத்தமாகச் சொன்னார். எதிர்ப்பலகையில் நாலு தலை திரும்பியது. செல்லம்மாவின் கை மெதுவாக மடிக்குப் போய்விட்டது. இலை மடிந்தது, வாளிக்குள் போனது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது போல இருந்தது. அத்தனை தூரத்தில் கேட்டிருக்காது.

வீட்டில் நான் எழுந்தால் இலை காத்திருக்கும். கடையில் நான் எழுந்தால் இலையும் எழுந்துவிடும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓடி வருவதற்குள் என் இடத்தில் ரயில்வேக்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். செல்லம்மா வாசலில் நின்றாள். "இன்னோர் எலை போடுங்க!" என்று கத்தினேன்.

"போட்டாப் போச்சு. ஒக்காருங்கக்கா" என்று பரிமாறுகிறவர் துண்டால் பலகையைத் துடைத்தார்.

"வேணாங்க. பசியில்ல."

"காலையிலேருந்து ஒண்ணும் திங்கலியே புள்ள!"

"நீங்க கை கழுவிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னாள். "இத்தன ஆம்பளைங்களுக்கு நடுவுல நான் மட்டும் ஒக்காந்து திங்கவா? போலாம் வாங்க."

பிறகு பட்டணம் முழுக்க அவள் பின்னாலேயே நான் கெஞ்சிக்கொண்டு நடந்தேன். இடியாப்பம் போல நூல்நூலான மீ விற்கும் சீனக் கிழவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, அவளைப் பார்த்து, "மாக்கான்! மாக்கான்!" என்று மலாயில் சாப்பிடக் கூப்பிட்டார்.

"என்னையா கூப்புடுறாரு?"

"ஆமா. சாப்பிடச் சொல்றாரு."

"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆகும் என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். மூன்று மணி பஸ்ஸில் அந்த முடிச்சு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை அடுப்பை மூட்டியது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டார்கள். அவள் சொன்னாள்: வெண்பூசணி சாம்பார். கத்தரிக்காய்ப் பிரட்டல், மேலே எண்ணெய் மிதந்தது. நடுத்துண்டு மீன், உள்ளங்கை அகலம். முழு அப்பளம். ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். பிள்ளைகள் எச்சில் விழுங்கினார்கள்.

"ரசம் ருசியா இருந்துச்சா?" என்றாள் கடைக்குட்டி.

செல்லம்மா அகப்பையை நிறுத்தினாள். "அத அப்பாகிட்ட கேளு."

"சுமார்தான்" என்றேன். உண்மையில் மிக நன்றாக இருந்தது.

ஈப்போவுக்குச் சாப்பிடப் போகும் தோட்டத்து அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பதினொன்றரைக்கே கடைக்குப் போய்விடுங்கள், உச்சிக்குக் கூட்டம் நெரியும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மூன்று மணி பஸ்தான் நல்லது, அடுத்ததில் வந்தால் இருட்டிவிடும். காலையில் இரண்டு பேரும் ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மனைவியைக் கூட்டிப் போனால் யார் முதலில், யார் பிறகு என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கடையில் அவள் என்ன சொன்னாலும் சரி, பரிமாறுகிறவர் கேட்கும்போது "ரெண்டு" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். சொன்ன பிறகு அவள் சோற்றில் கையை வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

தைப்பூசத்துக்கு மறுபடி போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "நீங்க போய்ச் சாப்பிட்டு வந்து சொல்லுங்க" என்கிறாள்.

அதனால் வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று, இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவளும் வந்து பக்கத்தில் உட்காரட்டும் என்று. அவள் அடுப்படியில் நின்று பார்க்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள், மறுபடி என்னைப் பார்க்கிறாள்.

"எந்திரிங்க" என்கிறாள். "எனக்குப் பசிக்குது."

எழுந்துவிடுகிறேன்.