தலைவர் போன பிறகு

யுத்தம் முடிந்திருந்தும் பஸ்ஸில் நாங்கள் இன்னும் மெல்லத்தான் கதைப்போம். கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகையில் என் பக்கத்தில் இருந்த முஸ்லிம் மீனவருக்கு அந்தப் பழக்கமே இல்லை. முழங்கையில் மீன் செதில், ஒரு காதில் இயர்போன். கேட்டது ஏதோ வெள்ளைக்காரப் போஸ்ட்-பங்க் இசைக்குழு. அதன் பாடகரை அவர் 'தலைவர்' என்றுதான் சொன்னார்.

"தலைவர் போனதோட எல்லாம் முடிஞ்சிட்டு எண்டுறாங்க தம்பி. பச்சப் பொய்! மிச்ச ஆக்கள் ஒண்டு சேர்ந்து திரும்ப வந்தாங்க. மூணாவது அல்பத்தக் கேட்டுப் பாருங்க!"

முன் சீற்றில் ஆமிக்காரர் போல முடி வெட்டியிருந்தவரின் கழுத்து விறைத்தது.

"நானா, பாடகர் எண்டு சொல்லுங்க," என்று அந்த முஸ்லிம் அண்ணனின் கையை அழுத்தினேன்.

"ஏன்? தலைவர் தலைவர்தானே!"

முன்சீற்றுக்காரர் திரும்பினார். சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்: "தலைவர் இல்லாத அல்பம் நல்லமா?"

"ஓம். ஆனா முதலாவதுல இருந்த பயம் மட்டும் பிறகு வரல்ல," என்றார் நானா.

புத்தளத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த நான் அதற்கு முன்பே, பாலாவியிலேயே இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நானாவின் மற்ற இயர்போன் முன்சீற்றுக்காரரின் காதில் இருந்தது. முன்சீற்றுக்காரர் ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.