களாக்காட்டில் ஒரு ஞாயிறு

மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்களை வெளியே விடுவார்கள். விடுவார்கள் என்பது அவர்கள் பேச்சு. பனியன் கம்பெனி விடுதியிலிருந்து வேனில் ஏற்றி, எங்காவது இறக்கி, இரண்டிரண்டு பேராக நடக்கவைத்து, தலை எண்ணித் திரும்ப ஏற்றுவார்கள். ஆட்டு மந்தைக்காவது போகிற வழியில் நாலு வாய் மேயக் கொடுத்துவைத்திருக்கிறது.

அந்த ஆடி மாதம் தாராபுரம் ரோட்டையொட்டிய வனத்துறைக் காட்டுக்குப் போனோம். குறுகலான பாதை, இரண்டு பக்கமும் களாச்செடி மண்டிக் கிடந்தது. பழம் கறுகறுவென்று பழுத்திருந்தது. நாங்கள் எல்லாரும் செக்கிங்கில், பனியனில் ஓட்டை பார்த்துக் கழிக்கிற வேலை பார்க்கிறவர்கள். ஒவ்வொரு பழத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை விழுந்ததைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அதைக் கவனித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்ததை முள்ளுக்குள் விட்டெறிந்தேன்.

எனக்கு அன்று பழம் முக்கியமில்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு ஏஜெண்டு போய், பத்தாவது முடித்திருந்த என் தங்கையையும் வேலைக்குக் கேட்டிருந்தான். விடுதியில் போன் பேசினால் வார்டனக்கா பக்கத்திலேயே நிற்பார். நல்லா இருக்கேன் என்பதைத் தவிர நான் எதுவும் சொன்னதில்லை. நேரில் போய் அப்பாவிடம், அவளை அனுப்பாதீர்கள், எங்கள் கதவுக்கு வெளியே பூட்டுப் போடுகிறார்கள் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பாதை வளைகிற இடத்தில், துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டதாக நின்று, ஜோடியாக வந்தவளை முன்னே போகச் சொன்னேன். வரிசை மறைந்ததும் செடிகளுக்குள் புகுந்து ஓடினேன். கையெல்லாம் கீறல். ரோட்டில் பஸ் வந்தது. கை காட்டினேன், நின்றது. ஏறி உட்கார்ந்து விட்ட மூச்சு இருக்கிறதே, அது ஒரு வருஷமாக அடைத்துக் கிடந்த மூச்சு.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் என் கழுத்தையே பார்த்தார். நூல் வெட்டுகிற ட்ரிம்மர், கம்பெனி பேர் போட்ட கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போதுகூடக் கழற்றாத பழக்கம். பாவி எனக்கு அதைக் கழற்றி எறியத் தோன்றவில்லை.

“ஆஸ்டல் புள்ளையா கண்ணு? வார்டன் சீட்டு வெச்சிருக்கியா?”

“இல்லண்ணே. ஊருக்கு அவசரமாப் போகணும்.”

“சீட்டில்லாம ஏத்துனா பொறவு எங்களத்தான் கேப்பாங்க. தப்பா நெனச்சுக்காத கண்ணு.”

வண்டியை நிறுத்தி, ரோட்டோர டீக்கடைக்காரரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார், கேட்காமலே டீ கொடுத்தார், கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். அடித்துப் பிடித்திருந்தால் திமிறிக்கொண்டு ஓடியிருப்பேன். இவ்வளவு மரியாதையை உதறிவிட்டு எப்படி ஓடுவது?

வேன் வந்தது. வார்டனக்காவும் திட்டவில்லை.

“ஊட்டு நெனப்பு வந்துருச்சாட்டமிருக்குது. இந்தா, உங்கப்பாகூடப் பேசு கண்ணு” என்று செல்போனில் எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, வேனுக்குள் தலை எண்ணப் போய்விட்டார். முதல்முறையாகப் பக்கத்தில் யாருமில்லை.

அப்பா கேட்டார்: “சின்னவளும் வாரேங்குறா. அனுப்பி வைக்கவாத்தா?”

வேண்டாம் என்று ஒரு சொல். யார் காதிலும் விழுந்திருக்காது.

“அனுப்புங்கப்பா” என்றேன்.

பயத்தில் சொல்லிவிட்டேன் என்றுதான் தங்கையிடம் இன்றுவரை சொல்லி வருகிறேன். பொய். பக்கத்துப் பாயில் படுத்து என்னோடு பேச எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.