மகன் தொண்டையில் என் பாட்டு

திருமணத்துக்கு முன்பிருந்தே நான் மெட்டல் இசை ரசிகை. பாடகர் அடித்தொண்டையில் உறுமும் பாடல்கள் என்றால் எனக்கு உயிர். மாமியார் கருவாடு காயவைக்க மாடிக்குப் போகும் நேரத்தில் மட்டும் சமையலறையில் கைபேசியில் மெதுவாகப் போட்டுக் கேட்பேன்.

ஒருநாள் காலையில் பால் கேட்ட என் மூன்று வயது மகன் ஜெரினின் குரல் கரகரவென்று உறுமியது. முந்தைய இரவு நான் மீன் முள்ளைச் சரியாக எடுக்காமல் ஊட்டிவிட்டேனோ என்று பதறிவிட்டேன். மாமியார் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். தங்கச்சிமடத்தில் பேருந்து ஏறி ராமநாதபுரம் ஓடினோம்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார்.

"முள்ளும் இல்ல, புண்ணும் இல்லம்மா. தம்பி, இன்னொரு தடவ பேசு."

அவன் தலையை வேகமாக ஆட்டி உறுமினான். நான் தினமும் கேட்கும் பாட்டு அது!

"யாருடா சொல்லிக் குடுத்தா?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மா பாட்டு."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, இதக் கேட்டுக்கிட்டு நின்னுதான் தெனம் கொழம்பு அடிப்பிடிக்குதா?"

இப்போது ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். உறுமக் கூடாதென்று மகனையும் கண்டிக்கிறேன். ஆனால், மாடியில் கருவாட்டைக் காகங்கள் சூழ்ந்துவிட்டால் மாமியார்தான் கூப்பிடுகிறார்:

"ஏலே ஜெரினு, வெரசா வா! அந்த அம்மா பாட்ட எடுத்து விடு!"