பைப்புக்கு மூன்று மூட்டை

இனிமேல் மாடிப்படி இறங்கமாட்டேன் என்று என் கணவர் சொன்னபோது எங்கள் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. மைசூரில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தோம். சர்க்கரை நோயில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வலது பாதத்திலும் ஒரு புண் வந்திருந்தது. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக, எதிர் மெக்கானிக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். ஒருநாள் படி திரும்பும் இடத்தில் ஒருவருடைய கை நழுவியது. அவர் விழவில்லை, ஆனால் கீழே நின்ற நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் சொன்னார்: "இனிமே எறங்கினா நம்ம வீட்டுக்குத்தான். அது வரைக்கும் யாரும் என்னைத் தூக்க வேணாம்."

முப்பத்து நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். புண்ணை நானே கழுவிக் கட்டினேன். போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். நேரில் பார்க்காமல் இழுத்துக்கொண்டே போனால் இந்தக் காலும் தங்காது என்று அவர் பதில் போட்டார். அதைப் படித்துக் காட்டியும் என் வீட்டுக்காரர் அசையவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச இந்த ஊரில் ஒருத்திதான் உண்டு, அவளைத்தான் அவர் கட்டியிருக்கிறார்.

எங்கள் மனை இன்னொரு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றரை அடிச் சந்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். செங்கல்லும் மணலும் தலைச்சுமையாகவே வந்தன. கூரைக்குக் கான்கிரீட் போடுவதை இங்கே எல்லாரும் 'மோல்டு' என்பார்கள். அந்த மோல்டுக்குச் சுமக்க ஆள் கிடைக்காது, ஒரே மூச்சில் போட்டு முடிக்காவிட்டால் கூரை ஒட்டாமல் விரிசல் விடும் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். லைன் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொன்னார். ரெடிமிக்ஸ் லாரி தெருவில் நிற்கும், பம்ப் அதன் பக்கத்தில் நிற்கும், இரும்புக் குழாய் சந்துக்குள் புகுந்து சுவரேறிக் கான்கிரீட்டைக் கொண்டுபோய்க் கொட்டும். தெருவில் பள்ளிக்கூடம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையில்தான் லாரியை நிறுத்த முடியும். அப்படித்தான் நான் சர்ச் ஆராதனைக்குப் போகாத முதல் ஞாயிறு வந்தது.

பம்ப் ஓட்டுகிறவர் முந்தின வாரமே போனில் பேசினார். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துத் தமிழ். நாற்பது வயசிருக்கும் என்று குரலிலேயே தெரிந்தது. "அக்கா, பைப்புக்கு மூணு மூட்டை சிமெண்டு தனியா வாங்கி வெச்சிருங்க. மொதல்ல அதைக் கரைச்சு உள்ள உடோணும். அப்பத்தான் வழுக்கிட்டுப் போவும்."

அந்தக் கரைசல் கூரைக்குப் போகுமா என்று கேட்டேன். போகாது, வெளியே வந்ததும் கீழே ஊற்றிவிடுவோம் என்றார். மூன்று மூட்டை சிமென்டைக் கரைத்து மண்ணில் ஊற்றுவதா? மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில், "ஒந்து சாகம்மா," என்றார். ஒன்று போதும். மிச்சத்தை அந்தப் பம்ப்காரர்கள் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சேர்த்துச் சொன்னார். இது போதாதா எனக்கு? வார்டில் பஞ்சு காணாமல் போனால்கூட யார் எடுத்தது என்று மோப்பம் பிடித்தவள். சிமென்ட் கடை ஆள் சனிக்கிழமை மூன்று மூட்டையைக் கொண்டுவந்தபோது, இரண்டைப் பாதி கட்டிய குளியலறைக்குள் இறக்கச் சொன்னேன். மேலே காலிச் சாக்குகளைப் போட்டு மூடினேன். என் கணவரின் சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் ஒரு சரிவு கட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஆகுமே என்று நினைத்தேன். திருட்டு உத்தேசம் எதுவும் இல்லை, என் சொந்த மூட்டை. ஆனாலும் மூடும்போது சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை குழாய்களை ஒன்றோடு ஒன்று மாட்டிச் சந்து நெடுகப் படுக்க வைத்தார்கள். இரண்டு இடத்தில் வளைவு. பம்பின் மேல் தேங்காய் உடைத்தார்கள். நான் தனியாக ஒரு ஜெபம் செய்தேன். ஹனூர்க்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மூணு மூட்டை சொல்லியிருந்தனுங்களே அக்கா?"

"ஒண்ணுதான் தம்பி கெடச்சுது."

அவர் சந்தின் நீளத்தை ஒரு தடவை பார்த்தார். "இத்தனை பைப்புக்குப் பத்தாதுங்க. ரெண்டு பெண்டு, வளைவு, வேற இருக்குது."

"சாகு, சாகு," என்றார் மேஸ்திரி மேலேயிருந்து. லாரி வந்து நின்றுவிட்டது. ஹனூர்க்காரர் அந்த ஒரு மூட்டையைக் கரைத்துக் குழாய்க்குள் விட்டார்.

பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுப்படிக்கு மேலே ஒரு பாய் விரித்த அளவுக்குக் கான்கிரீட் விழுந்திருக்கும். பிறகு மேலே முனையில் மாட்டிய ரப்பர் குழாய் ஒருமுறை துள்ளியது, இரண்டு கட்டி கல்லைத் துப்பியது, நின்றுவிட்டது. தெருவில் பம்ப் உறுமியது. ஹனூர்க்காரர் ஓடிப்போய்ப் பம்பைப் பின்பக்கமாக ஓட்டி இழுத்துப் பார்த்தார், முன்னால் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. சுத்தியலை எடுத்துக் குழாய் குழாயாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே சந்துக்குள் வந்தார். இரண்டாவது வளைவில் சத்தம் மாறியது. எல்லாரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாக அதன் பூட்டைக் கழற்றினார். உள்ளே இறுக்கி அடைத்த ஜல்லி. பாகு இல்லாத பொரி உருண்டை மாதிரி, கையால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாருங்க்கா, வெறும் கல்லு. சிமெண்டுச் சாறையெல்லாம் பைப்பு குடிச்சுப்போட்டுது."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மேஸ்திரி மேலேயிருந்து அவரை வேலை தெரியாதவன் என்றார், திருடன் என்றார், அப்பனை இழுத்தார். மேலே போட்ட கான்கிரீட் வெயிலில் வெளுக்கத் தொடங்கியது. லாரி டிரைவர், இன்னும் அரைமணி நேரத்தில் எடுக்காவிட்டால் சுமையை ஊருக்கு வெளியே கொட்டிவிட்டுப் போவேன், டிரம்முக்குள் இறுகினால் என் வேலை போய்விடும் என்றார். இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றி இளக்கட்டுமா என்று கேட்டார். தண்ணீர் ஊற்றினால் கூரைக்குப் பலம் போய்விடும் என்று எனக்கே தெரியும். அந்த டிரைவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. "கொஞ்சம் இருப்பா, என் வீட்டுக்காரர் மாடியில கெடக்கார், இந்தக் கூரை போட்டாத்தான் கீழ எறங்குவார், கால் அழுகிட்டிருக்கு," என்று தமிழும் கன்னடமுமாக அழுதேன். பக்கத்தில் குழாய் கழுவிக்கொண்டிருந்த ஹனூர்க்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். டிரைவர் கையை உருவிக்கொண்டு மணியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் போன் செய்தார். "ஆச்சா?"

"ஆகிட்டிருக்குங்க."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"இங்க ஒரே சத்தம்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான்கு குழாயைக் கழற்றிக் கம்பியால் குத்திக் கல்லை எடுத்துக் கழுவி மறுபடி மாட்டிவிட்டார் ஹனூர்க்காரர். சட்டையெல்லாம் சாம்பல் நிறம். "இப்ப பைப்புக்குள்ள மறுக்காப் பூசோணும். ரெண்டு மூட்டையாச்சும் வேணுமுங்க." மேஸ்திரி கடை கடையாகப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் எடுக்கவில்லை.

இப்போதுதான் எழுதக் கூசும் இடம். மூட்டைகள் எனக்கு இருபதடியில் இருந்தன. உடனே போய் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. மேஸ்திரிக்கு ஏதாவது ஒரு கடைக்காரர் போனை எடுத்துவிடமாட்டாரா என்று காத்திருந்தேன். என் கணவரின் கால், கூரை, லாரி எல்லாம் ஒரு பக்கம். இத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுவது ஒரு பக்கம். ஐந்து நிமிடம் இருக்கும். டிரைவர் கதவைத் திறந்து ஏறி வண்டியைக் கிளப்பிய சத்தம் கேட்டது. அப்புறம்தான் என் கால் நகர்ந்தது. குளியலறைக்குள் ஓடிச் சாக்குகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கத்தினேன்: "ஐயோ, இங்க ரெண்டு மூட்டை கெடக்கே! கடைக்காரன் இங்க எறக்கிட்டுப் போயிட்டானே!"

ஹனூர்க்காரர் வந்து வாசலில் நின்றார். மூட்டைகளைப் பார்த்தார், கீழே கிடந்த சாக்குகளைப் பார்த்தார். "குடுங்க்கா," என்று மட்டும் சொல்லி ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

இரண்டு மூட்டையும் கரைந்து குழாய்க்குள் போயின. லாரி போகாமல் நின்றது. மேலே வெளுத்துப்போனதை வாரிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து போட்டார்கள். இந்தத் தடவை எங்கும் அடைக்கவில்லை. மத்தியானத்துக்குள் கூரை முழுவதும் ஈரமாக மின்னியது. வேலைக்காரர்களுக்கு அன்று வீட்டுக்காரர் சாப்பாடு போடுவது வழக்கம். நான் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தபோது, எல்லார் முன்னாலும் மேஸ்திரி ஹனூர்க்காரரைப் பார்த்து, "உன் ஓனருக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், இனி இந்தப் பக்கம் வராதே," என்றார். ஹனூர்க்காரர் குழாய்களை டெம்போவில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, வெங்காயப் பச்சடியைக் கரண்டி கரண்டியாக வைத்துக்கொண்டே போனேன். அவர் சாப்பிடாமலே போய்விட்டார்.

கூரை ஒட்டியது. பூச்சு வேலை பாதியில் இருக்கும்போதே என் கணவரைக் கூட்டிவந்துவிட்டேன். அதே இரண்டு மெக்கானிக்குகள் தூக்கி இறக்கினார்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான தண்டனை தொடங்கியது. மேஸ்திரி அவரிடம் மோல்டு கதையைச் சொல்லியிருந்தார். வருகிற போகிறவர்களிடமெல்லாம் இவர் கூரையைக் காட்டி அதைச் சொன்னார். பம்ப்காரன் ஒரு முட்டாள், வேலை தெரியாதவன், கடைசி நிமிஷத்தில் என் பொண்டாட்டி ஓடிப்போய் மூட்டையைக் கண்டுபிடித்திருக்காவிட்டால் இன்றைக்கு நான் மாடியிலேயே செத்திருப்பேன். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணம் ஆன புதிதில்கூட என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. நான் காபி போட எழுந்து போய்விடுவேன். எட்டு மாதம் தாங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஹனூர்க்காரருக்குப் போன் போட்டேன். தனியாகப் பேசினால் மறுபடி ஏதாவது பொய் சொல்லிவிடுவேன் என்ற பயம். "தம்பி, அன்னைக்கு அந்த ரெண்டு மூட்டைய ஒளிச்சு வெச்சது நான்தான். கடைக்காரன் இல்ல. உங்க மேல பழி விழுந்தப்ப நான் வாயத் தெறக்கல." என் கணவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடியில் வைத்தார்.

ஹனூர்க்காரர் கேட்டார்: "எந்த ஊடுங்க்கா?"

சந்து, பள்ளிக்கூடம் என்று அடையாளம் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. "எல்லா ஊட்லயும் ஒளிச்சுத்தான் வெக்கறாங்க்கா. அடைச்சா எங்களைத்தான் பேசுவாங்க. ஓனர் பத்து நாள் கூப்பிடாம இருப்பாரு, அப்பறம் கூப்பிடுவாரு." அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு சட்டென்று கேட்டார்: "டிரைவர் கையைப் புடிச்சு அழுதீங்களே, அந்த அக்காவா? ஐயா கீழ எறங்கிட்டாருங்களா?"

போனை இவரிடம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "எறங்கிட்டேம்ப்பா," என்றார். "நல்லா இருக்கேன்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு சபையிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்க்க வந்தார்கள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் மேலே பார்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லையே, மோல்டு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார். நான் காபிக்கு எழாமல் அங்கேயே நின்றேன். என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஹனூர்க்காரர் ஒருத்தர் போட்டார்," என்றார். "நல்ல வேலைக்காரர்."