இரவல் சிலிண்டர்கள்

அன்று காலை அத்தையின் வீட்டில் அத்தை இருந்தாள், அவளுடைய இரண்டு பெண்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா இருந்தாள், நான் இருந்தேன், நான் கூட்டி வந்த நான்கு வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள். மாமா இல்லை. இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கு விற்கப் போனவர் திரும்பியிருக்கவில்லை. அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று பிறகு சந்தில் எல்லோரும் சொன்னார்கள். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

தாராவியில் ஒற்றை அறை வீட்டைக் கோலி என்போம். அத்தையின் கோலியில்தான் சமையல், படுக்கை, தொழில் எல்லாம். ராத்திரி மாவு அரைத்து, விடியும் முன் அவித்து முடிக்க வேண்டும். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இதுதான் பிழைப்பு. வீட்டுச் சமையலுக்கென்று கொடுக்கும் சிவப்பு சிலிண்டரில்தான் வியாபாரத்துக்கும் அவிப்பார்கள். சட்டப்படி கடைக்குரிய நீலச் சிலிண்டர் வாங்க வேண்டும். அந்த விலைக்கு வாங்கினால் இட்லியில் ஒன்றும் மிஞ்சாது. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். செம்பூரில் ஒரு கல்லூரியில் சுற்றுலா மேலாண்மை. "ஊர் சுத்திக் காட்டுததுக்கு மூணு வருசப் படிப்பால?" என்று அப்பா கேட்டார். படித்து முடித்ததும் ஒரு கம்பெனியில் வழிகாட்டி வேலை கிடைத்தது. எந்த ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று பார்த்தால், தாராவியை. மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் விருந்தினர்களைச் சந்தித்து, பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகை, தோல் பட்டறை, அப்பளம் காயும் சந்து என்று நடத்திக் கூட்டிப்போவேன். கம்பெனிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தாராவிக்குள் யாரும் படம் எடுக்கக் கூடாது. பாலத்தில் நின்று நான் முதலில் சொல்வதே அதைத்தான். வெறும் விதியாக அல்ல, நம்பித்தான் சொன்னேன். பார்க்க வருகிறவர் ஊருக்குத் திரும்பிய பிறகு பார்க்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துக் கவனிப்பதுதான் சுற்றுலா மேலாண்மை என்று பரீட்சையில் எழுதியவன் நான்.

பட்டறைகளைப் பார்த்து முடித்தவர்கள் "மனிதர்கள் வாழும் ஒரு வீட்டைப் பார்க்கலாமா" என்று கேட்பார்கள். அத்தை வீட்டைக் காட்டுவேன். "எங்க கோலில பாக்க என்னல இருக்கு, தாஜ்மஹாலா?" என்று முதல் தடவை சிரித்தாள். பிறகு அவர்கள் வருவது அவளுக்குப் பிடித்துப்போனது. யார் வந்தாலும் இட்லி தராமல் அனுப்ப மாட்டாள்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண்மணி, சாப்பாடு பற்றி வீடியோ போடுகிறவர். மிகவும் பணிவாக என்னிடம் அனுமதி கேட்டார். முடியாது என்று நானும் பணிவாகச் சொன்னேன்.

"என்ன கேக்கா அவ?" என்றாள் அத்தை.

"வீடியோ எடுக்கணுமாம். கம்பெனி ரூல் இருக்கு அத்தே, கூடாதுன்னுட்டேன்."

"ஒங் கம்பெனி ரூல ஒங் கம்பெனில வச்சுக்க. இது யாரு வீடு? கடல் தாண்டி வந்தவ வாயத் தொறந்து கேக்கா. இல்லன்னு சொல்லுதது மொறையா மருமவனே? வெசாழக்கெழம வரச் சொல்லு."

வீட்டுக்காரரின் சம்மதமே முக்கியம் என்றுதான் நானும் படித்திருந்தேன். மேற்கொண்டு எதைச் சொல்லி மறுப்பது? வியாழக்கிழமை அந்தப் பெண்மணி மூன்று நண்பர்களோடு வந்தார். அவர்கள் வாசலில் குனிந்து செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் முதலில் உள்ளே நுழைந்தேன்.

கோலியே மாறியிருந்தது. பாய், தலையணை, துணிமூட்டை ஒன்றையும் காணோம். சுவரோரம் மூன்று கிரைண்டர்கள். இட்லிக் கொப்பரைகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அதற்குப் பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்து ஏழு சிவப்பு சிலிண்டர்கள்.

எங்கள் சந்தில் இது புதிதல்ல. ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் சந்தே இரவல் கொடுக்கும். ஒரு வீட்டு நாற்காலி, ஒரு வீட்டு எவர்சில்வர் தம்ளர். ஒரு தடவை ஃபிரிட்ஜையே தூக்கிக்கொண்டு போனோம். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. நாளைக்கு நம் வீட்டுக்கும் அவர்கள் தருவார்கள். அத்தை அதைத்தான் செய்திருந்தாள்.

"என்ன அத்தே இதெல்லாம்?"

"ஒத்த சிலிண்டர வச்சிட்டு ஒக்காந்திருந்தா அவ ஊர்ல பாக்கவன் என்ன நெனைப்பான்? பாவப்பட்டவன்னு நெனைக்க மாட்டானா?"

"மாப்ள வீட்டுக்குக் காட்டுத மாதிரி காட்டுதோம் தம்பி," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "பொண்ணுக்குத்தான் கொஞ்சம் வயசாயிட்டு."

பட்டுச்சேலை கட்டியிருந்த அத்தை அவளைத் துண்டால் அடித்தாள். பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிலிண்டரையாவது வெளிய எடுத்துருங்க அத்தே," என்று நான் சொல்வதற்குள் விருந்தினர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

காமிரா ஓடியது. ஒரு நாளைக்கு எத்தனை இட்லி என்று அந்தப் பெண்மணி கேட்டார். அவிப்பது முந்நூறு. "ஆயிரம்னு சொல்லு," என்றாள் அத்தை. சொன்னேன். இந்தப் பாத்திரம், அடுப்பு, சிலிண்டர் எல்லாம் உங்களுடையதா என்று கேட்டார். "ஆமா, எல்லாம் நம்மளோடதுதான்," என்றாள். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.

வீடியோ வந்தபோது சந்தே ஃபோனைச் சுற்றி நின்றது. "அந்தா பாரு எங்க சிலிண்டரு! பிடியில நீலக் கயிறு கட்டிருக்குல்லா!" என்று அக்கா கத்தினாள். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். பிறகு யாரோ அதில் சிலிண்டர் தெரியும் இடத்தை மட்டும் வெட்டி, குடிசைக்குள் திருட்டுத்தனமாக கேஸ் பதுக்கல் என்று இந்தியில் எழுதிப் போட்டார்கள். அதையும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

உணவு வழங்கல் துறை அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் கையிலிருந்த ஃபோனில் அந்த வீடியோ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கோலியில் இருந்ததோ ஒரே ஒரு சிலிண்டர். மற்ற ஆறும் எங்கே என்று கேட்டார். அவை இரவல் என்று அத்தை இந்தியில் சொன்னாள். அவர் வீடியோவை ஓடவிட்டார். எல்லாம் எங்களுடையது என்று என் குரல் ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லிற்று.

பெண் பார்க்கும் வழக்கத்தை நான் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தேவிட்டார். "ஹமாரே யஹான் பீ ஹோதா ஹை," எங்கள் பக்கமும் உண்டு என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். ஆறு வீட்டுக்காரர்களும் வந்து இது எங்கள் சிலிண்டர் என்று கையெழுத்துப் போடட்டும், அந்த ஆறு வீட்டு அடுப்பையும் நான் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

ஆறு வீட்டிலும் இட்லிதான் அவிக்கிறார்கள். பார்த்தால் ஆறும் மாட்டும்.

அத்தை என்னைப் பார்த்தாள். சட்டம் தெரிந்த ஆள் போல நான்தான் அங்கே நின்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று, "என் சிலிண்டரக் குடுத்துருங்க," என்று சத்தமாகக் கேட்டாள். பக்கத்து வீட்டு அக்கா நீலக் கயிறு கட்டியதை உருட்டிக்கொண்டு வந்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தவளை, "நீ சும்மா இரு, ஒனக்கொண்ணும் தெரியாது," என்று அத்தை அதட்டினாள். மொத்தம் ஏழு. எல்லாம் என்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டாள். ஏழையும் டெம்போவில் ஏற்றினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். உடனே மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கிவிட்டார். வெட்டிப் போட்டது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அத்தை தன் கஷ்டத்தைச் சொல்வது போல இன்னொரு வீடியோ எடுத்தால் பணம் திரட்டலாம் என்றும் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார்.

"இன்னொண்ணா?" என்றாள் அத்தை.

"வேண்டாம்னு மரியாதையா எழுதிரு மாப்ள," என்றார் மாமா. நிறுத்தி வைத்த சைக்கிளை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவித்து விற்க ஒன்றும் இல்லாமல் அவர் வீட்டில் இருந்த நாட்கள் அவை.

கம்பெனி எங்கள் சந்தைத் தன் வழியிலிருந்து எடுத்துவிட்டது. என்னை எடுக்கவில்லை. படம் எடுக்கக் கூடாது என்ற விதி எதற்காக என்று புதிதாகச் சேரும் வழிகாட்டிகளுக்கு நான்தான் சொல்லித்தர வேண்டுமாம். சொல்லித்தருகிறேன். வீட்டுக்காரரே எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு பெண் கேட்டாள். அப்போதும் கூடாது என்று கம்பெனி சொல்லியிருக்கும் பதிலைச் சொன்னேன்.

நீலச் சிலிண்டர் வாங்கி மாமா மறுபடி மாட்டுங்காவுக்குப் போன அன்று, அத்தையின் பெரிய பெண் மொத்த நஷ்டத்தையும் ஃபோனில் கூட்டிப் பார்த்தாள். அபராதம், வக்கீல், ஆறு வீட்டுக்கும் எடுத்துக்கொடுத்த சிலிண்டர், இட்லி அவிக்காத நாட்கள். ஃபோனைத் தாயிடம் நீட்டினாள். அத்தைக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. என்னிடம் தந்தாள், நான் வாசித்தேன்: எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.