வாசலுக்கு வராத வேப்பிலை

வாய் மட்டும் இல்லையென்றால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். தெற்கத்திக்காரர். ராயபுரத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். கொல்லையில் ஒரு துண்டு மண்ணில் வேம்பு, முருங்கை, நொச்சி மூன்றையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் போட்ட ஆட்டம் இருக்கிறதே! சளியா, நொச்சி போட்டு ஆவி பிடி. சோகையா, முருங்கைக்கீரை தின்னு. வயிற்றில் பூச்சியா, வேப்பங்கொழுந்தை அரைத்து முழுங்கு. உளுந்து வாங்கப் போனால் வைத்தியத்தையும் சேர்த்துப் பொட்டலம் கட்டுவார். அந்த இலையைக் கழுவினால் துறைமுகத்துக் கரித்தூள்தான் கருகருவென்று இறங்கும். அதுவும் மருந்துதான் என்பார்.

அவர் வீட்டு அடுப்பங்கரை என் சுவரை ஒட்டி இருந்தது. திடீரென்று அங்கே கடுகு வெடிக்கிற சத்தமே நின்றுபோனது. அம்மை போட்ட வீட்டில்தானே தாளிக்க மாட்டார்கள்? வேப்பமரத்தைப் பார்த்தேன், அவர் பக்கத்துக் கிளையெல்லாம் மொட்டை. ஆனால் வாசலில் ஒரு கொத்து வேப்பிலை இல்லை. சொருகியிருந்தால் பிள்ளைகுட்டியை யாராவது உள்ளே விடுவார்களா? என் ரெண்டு வயசு மகள் தினமும் அவர் கையால் வெல்லம் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

நேரே கடைக்குப் போனேன். "இன்னா அண்ணாச்சி, உள்ள யாருக்கு அம்மை?"

குரலைத் தாழ்த்தினார். "சின்னவனுக்கு. சத்தம் போடாதம்மா. வேப்பிலையைப் பாத்தா ஒரு ஈ காக்கா கடைக்கு வராது. ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தாளையே ஒளிச்சு வச்சிகினு வெல்லம் விக்கிறியா? த்தூ! என் கொயந்தைக்கு வந்தா இன்னா பண்ணுவே?"

ஊருக்குத்தானே உபதேசம்! என் சுவருக்கு மேல் சாய்ந்திருந்த கிளையை ஒடித்து வந்து அவர் கடை வாசலில் சொருகினேன். தெரு மொத்தமும் ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் அம்மை என்னை முந்திக்கொண்டது. அந்த மாதமே என் மகளுக்கும் போட்டது. விடிந்ததும் வாசலில் அவர் நின்றார். கை நிறைய வேப்பிலை, வாயில் ஒரு வைத்தியமும் இல்லை. மூஞ்சியில் விட்டெறியத்தான் தோன்றியது. பிள்ளையைப் படுக்கவைக்க இலை வேண்டுமே, மரம் என்ன பாவம் பண்ணியது? வாங்கிக்கொண்டேன். முதல் கொத்தை அவர் கண்ணெதிரே என் வாசலில் சொருகினேன்.

"நல்லா பாத்துக்கோ அண்ணாச்சி. இதுக்குத்தான் வேப்பிலை."

மகள் பிழைத்தாள், மூக்கின் மேல் தழும்போடு. அந்தக் கடை வெல்லம் அதற்கப்புறம் எங்கள் படி ஏறவில்லை.